பாதிப் பாட்டு

துக்கம் விசாரிக்கப் போகிறவர்களில் இரண்டு தினுசு உண்டு.

முதல் தினுசு அவசரக்காரர்கள். "நடந்தது நடந்துவிட்டது, மனசைத் தேற்றிக்கொண்டு இனி ஆக வேண்டியதைப் பாரம்மா" என்று வாசற்படி ஏறும்போதே ஆரம்பிப்பார்கள். உட்கார்ந்த இடம் சூடாவதற்குள் உபதேசத்தை முடித்துக்கொண்டு எழுந்து விடுவார்கள். இரண்டாவது தினுசு காவல்காரர்கள். ஆறு மாதம் கழித்து அந்த வீட்டுப் பெண் நல்லதாக ஒரு புடவை கட்டிக்கொண்டு யார் வீட்டுக் கல்யாணத்துக்காவது வந்துவிட்டால் போதும். "பார்த்தீர்களா, அதற்குள் எப்படிச் சிரிக்கிறாள்!" என்று இவர்களுடைய ஆள்காட்டி விரல் தானாகக் கன்னத்துக்குப் போய்விடும்.

முதல் தினுசுக்காரர் அழுகிறவளைச் சீக்கிரம் சிரிக்கச் சொல்கிறார். இரண்டாம் தினுசுக்காரர் சிரிக்கிறவளைத் திரும்ப அழச் சொல்கிறார். நெஞ்சில் கையை வைத்துச் சொல்லுங்கள், சகோதரிகளே! நாம் எல்லோருமே சமயத்துக்குத் தக்கபடி இரண்டு வேஷமும் போட்டவர்கள்தாமே?

இந்த இரண்டு தினுசு மனிதர்களையும் ஒருங்கே எதிர்கொண்ட ஒருவரைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். அவர் ஓர் அமெரிக்கப் பாடகர். பெயர் மைக் ஷினோடா. (மைக் என்றால் ஒலிபெருக்கி அல்ல, மனிதருடைய பெயரே அதுதான்.) தம்முடைய சொந்தப் பெயரில் அவர் போட்ட முதல் ஆல்பம் 2018-ஆம் வருஷம் ஜூன் 15-ஆம் தேதி வெளியாயிற்று. அதன் பெயர் 'போஸ்ட் ட்ராமாடிக்'. பெரிய அதிர்ச்சி ஒன்று நேர்ந்த பிற்பாடு மனசு கிடக்கிற கிடப்பைச் சொல்ல வைத்தியர்கள் வழங்கும் வார்த்தை அது. மொத்தம் பதினாறு உருப்படிகள்.

"ராப் பாட்டும் ராக் பாட்டும் எங்களுக்கு எதற்கு? அந்தச் சத்தம்தான் பிள்ளைகளின் அறையிலிருந்து தினம் கேட்கிறதே!" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். உங்கள் வீட்டில் 2000-க்குப் பிறகு கல்லூரிக்குப் போன பிள்ளையோ பெண்ணோ இருந்தால், 'லிங்கின் பார்க்' என்று ஒரு தரம் சொல்லிப் பாருங்கள். அவர்கள் முகம் மாறுவதைக் காண்பீர்கள். மைக் ஷினோடா அந்தக் கோஷ்டியைச் சேர்ந்தவர்.

முதலில் இந்தச் சங்கீதம் என்ன தினுசு என்று தெரிந்துகொள்ளலாம். நம் கச்சேரிகளில் கொன்னக்கோல் கேட்டிருப்பீர்கள். தாளத்தின் முதுகில் சொற்கட்டுகள் குதிரை மாதிரி ஓடும். அந்தச் சொற்கட்டுகளுக்குப் பதிலாக அர்த்தமுள்ள வார்த்தைகளை, எதுகையும் இயைபும் சேர்த்து, மூச்சு விடாமல் அடுக்கிச் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அதுதான் ராப். அது பேச்சும் இல்லை, பாட்டும் இல்லை. இரண்டுக்கும் நடுவே ஓடும் ஒற்றையடிப் பாதை. ராக் என்பது மின்சாரக் கிதாரும் பெரிய டிரம்ஸும் சேர்ந்து எழுப்பும் முழக்கம். இரண்டையும் ஒரே பாட்டில் பிணைத்தால் ராப்-ராக்.

லிங்கின் பார்க் கோஷ்டியில் இந்தப் பிணைப்பு இரண்டு மனிதர்கள் மூலம் நடந்தது. தாளத்தோடு வார்த்தைகளை அடுக்கிச் சொல்கிறவர் மைக். உச்ச ஸ்தாயிக்குப் போய், நெஞ்சைக் கீறிக்கொண்டு வருவது போன்ற குரலில் பல்லவியைப் பாடுகிறவர் செஸ்டர் பென்னிங்டன். ஒருவர் நடந்ததைச் சொல்வார். மற்றவர் அது எங்கே வலிக்கிறது என்று காட்டுவார். ஆளுக்குப் பாதிப் பாட்டு.

மைக் 1977-இல் பிறந்தவர். தகப்பனார் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர். இரண்டாம் உலக யுத்தத்தின்போது ஜப்பானிய வம்சத்தார் என்ற ஒரே காரணத்துக்காக அமெரிக்க அரசாங்கம் லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை முகாம்களில் அடைத்து வைத்ததே, அந்தக் குடும்பமும் அதில் அகப்பட்டது. பிற்பாடு 2005-இல் 'ஃபோர்ட் மைனர்' என்று வேறொரு பெயரில் மைக் ஓர் ஆல்பம் போட்டபோது, அதில் ஒரு பாட்டில் தம் தகப்பனாரும் அத்தையும் அந்த நாட்களை நினைவுகூரும் பேச்சையே ஒலிப்பதிவு செய்து சேர்த்தார். குடும்பத்துத் துக்கத்தைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் பாட்டில் எடுத்து வைக்கும் பழக்கம் அவருக்கு அன்றே இருந்தது.

அவருடைய அம்மாதான் சிறு வயதில் பியானோ கற்றுக்கொள்ள அனுப்பினார். படித்தது சித்திரக் கல்லூரியில். கலிபோர்னியாவில் பாசடினா என்ற ஊரில் உள்ள ஆர்ட் சென்டர் கல்லூரியில் பட்டம் வாங்கியவர். இந்தச் சித்திரப் படிப்பும் பின்னால் கதையில் வருகிறது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

செஸ்டர் 1976-இல் அரிசோனா மாகாணத்தில் பிறந்தவர். இளம் பிராயத்தில் பட்ட கொடுமைகளையும், போதைப் பழக்கத்தோடு போராடியதையும், மனச்சோர்வையும் அவர் பிற்காலத்தில் ஒளிக்காமல் பேசினார். 1999-இல் கலிபோர்னியாக் கோஷ்டி ஒன்று பாடகர் தேடுகிறது என்று பாட்டு நாடா வந்தது. அன்று அவருக்குப் பிறந்த நாள். விருந்துக்கு வந்தவர்களை அப்படியே விட்டுவிட்டுப் போய், பாடிப் பதிவு செய்து அனுப்பினாராம். அப்படிச் சேர்ந்தவர்தான் பாட்டின் மற்றப் பாதி ஆனார்.

அவர்களுடைய முதல் ஆல்பமாகிய 'ஹைப்ரிட் தியரி' 2000-ஆம் வருஷம் அக்டோபரில் வந்தது. அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் விற்றது. பிறகு பதினேழு வருஷம் உலகமெல்லாம் சுற்றினார்கள். பேரும் பணமும் வந்தன. 2004 டிசம்பரில் சுனாமி நம் கடற்கரைகளையும் சுற்று வட்டாரத்துக் கரைகளையும் வாரிக்கொண்டு போன சமயம், இவர்கள் 'மியூசிக் ஃபார் ரிலீஃப்' என்று ஒரு நிவாரண ஸ்தாபனத்தை 2005-இல் ஆரம்பித்தார்கள். நம்முடைய துக்கத்தை விசாரிக்க வந்தவர்கள் என்றுகூடச் சொல்லலாம்.

2017-ஆம் வருஷம் மே மாதம் அவர்களுடைய ஏழாவது ஆல்பம் வெளிவந்தது. ஜூலை 20-ஆம் தேதி செஸ்டர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். வயது 41. மனைவியும் ஆறு பிள்ளைகளும் அவருக்கு உண்டு. கோஷ்டி புறப்பட இருந்த அமெரிக்கச் சுற்றுப் பயணம் ரத்தாயிற்று.

சில வாரம் கழித்து அவர் மனைவி ஒரு சிறு படத்தை வெளியிட்டார். இறப்பதற்கு ஒன்றரை நாள் முந்தி எடுத்தது. அதில் செஸ்டர் பிள்ளைகளோடு உட்கார்ந்து மிட்டாய் தின்னும் விளையாட்டு விளையாடிக்கொண்டு வாய்விட்டுச் சிரிக்கிறார். மனச்சோர்வுக்கு இன்னபடிதான் முகம் என்று ஒன்று கிடையாது என்பதைக் காட்டத்தான் அந்த அம்மாள் அதை வெளியிட்டார். இந்த ஒரு விஷயத்தை மனசில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். முகத்தைப் பார்த்துத் துக்கத்தை அளக்கிற தராசு நம்மிடம் இல்லை.

இனி மைக்கின் கதைக்கு வருவோம். பதினேழு வருஷமாகப் பாதிப் பாட்டைப் பாடி வந்தவர், மற்றப் பாதி இல்லாமல் என்ன செய்வார்?

முதல் சில நாட்களில் பியானோ முன்னால் உட்கார்ந்து ஒரு பாட்டு எழுதினார். சித்திரம் எழுதினார். அவருக்குத் தெரிந்த இரண்டு தொழிலும் அவைதாமே! நம் வீட்டில் ஒருவர் போய்விட்டால், பதின்மூன்று நாளைக்குக் காரியம் காரியம் என்று யாராவது ஏதாவது செய்யச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். எள் எங்கே, தர்ப்பை எங்கே என்று ஓடுவதிலேயே பொழுது நகர்ந்து விடுகிறது. பெரியவர்கள் தெரிந்துதான் வைத்தார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. கைக்கு வேலை இருந்தால் நெஞ்சு அறுந்து விழாமல் நிற்கும். மைக்குக்குத் தூரிகையும் பியானோவும் அந்தக் காரியத்தைச் செய்தன.

அக்டோபர் 27-ஆம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஹாலிவுட் பவுல் என்ற திறந்தவெளி அரங்கத்தில் அஞ்சலிக் கச்சேரி நடந்தது. பதினேழாயிரம் பேருக்கு மேல் உட்காரக் கூடிய இடம் அது. வெவ்வேறு கோஷ்டிகளிலிருந்து பாடகர்கள் வந்து, செஸ்டர் பாடிய பகுதிகளை ஆளுக்கொன்றாகப் பாடினார்கள். மூன்று மணி நேரம் நடந்தது. ஒரு பாட்டுக்கு மட்டும் யாரையும் கூப்பிடவில்லை. வாத்தியங்கள் வாசித்தன, நடுவில் ஆள் இல்லாத மைக்ரபோன் மீது விளக்கு விழுந்தது, செஸ்டரின் பகுதியை ஜனங்களே பாடினார்கள். இறந்த பத்தாம் நாளுக்குள் எழுதிய அந்தப் பியானோப் பாட்டையும் மைக் அன்றிரவு தனியாக உட்கார்ந்து பாடினார். கச்சேரி வருமானம் சுனாமிக்குப் பின் ஆரம்பித்த அதே நிவாரண ஸ்தாபனத்தில், செஸ்டர் நினைவாக ஏற்படுத்திய நிதிக்குப் போயிற்று.

கச்சேரி முடிந்தது. எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். நம் வீடுகளிலும் அப்படித்தான். பதின்மூன்றாம் நாள் உறவுக்காரர்கள் ரெயில் ஏறுகிறார்கள். பதினான்காம் நாள் காலையில் அடுப்பைப் பற்ற வைக்கும்போதுதான், வீட்டில் ஒரு டம்ளர் காபி குறைந்திருக்கிறது என்று தெரிகிறது. உண்மையான துக்கம் அன்றுதான் ஆரம்பம்.

மைக்கின் ஆல்பமும் அந்தப் பதினான்காம் நாளில்தான் ஆரம்பிக்கிறது. அதுதான் அதன் விசேஷம்.

ஆல்பத்தின் முதல் மூன்று பாட்டுகளை அவர் 2018 ஜனவரி 25-ஆம் தேதி, ஆறு மாதம் முடிந்த சமயத்தில், தனியாக வெளியிட்டார். கூடவே வந்த படங்களைத் தாமே வீட்டில் எடுத்திருந்தார். பெரிய ஒளிப்பதிவு இல்லை, அலங்காரம் இல்லை. முதல் பாட்டின் பெயர் 'ப்ளேஸ் டு ஸ்டார்ட்'. அதாவது ஆரம்பிக்க ஓர் இடம். அடங்கின குரலில், எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல் தடவுகிற பாட்டு. அது முடிகிற இடத்தில் சில குரல்கள் கேட்கின்றன. சிநேகிதர்கள் டெலிபோனில் விட்டுச் சென்ற செய்திகள். எப்படி இருக்கிறாய், உன்னை நினைத்துக்கொண்டோம் என்கிற தினுசு. அவற்றில் ஞானோபதேசம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் அதைத்தான் அவர் பத்திரப்படுத்திப் பாட்டில் சேர்த்தார். நாம் சொல்லும் தத்துவங்களை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. கூப்பிட்டு விசாரித்த குரலைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்.

இரண்டாவது பாட்டு 'ஓவர் அகெய்ன்'. திரும்பத் திரும்ப விடை கொடுப்பது பற்றியது. அஞ்சலிக் கச்சேரிக்காகப் பழைய பாட்டுகளை ஒத்திகை பார்க்கிறபோதெல்லாம் அந்த மனிதருக்கு இன்னொரு தரம் விடை கொடுக்க வேண்டியிருக்கிறது. கச்சேரி எப்படிப் போகுமோ என்று வயிற்றைக் கலக்குகிறது. வார்த்தைகள் கோபமாகக் கொட்டுகின்றன. கணவர் பெயரில் இருந்த மின்சாரக் கணக்கை மாற்ற ஓர் ஆபீஸ், குடும்ப அட்டையில் பெயரை நீக்க ஓர் ஆபீஸ், பாங்கிக்கு ஒரு சர்ட்டிபிகேட் என்று அலைந்து, ஒவ்வொரு ஜன்னலிலும் "அவர் இறந்துவிட்டார்" என்று புதிதாகச் சொல்ல நேர்ந்த சகோதரிகளுக்கு இந்தப் பாட்டை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது பாட்டு, நான் விழுவதை ஊரே நின்று பார்க்கிறது என்கிற தவிப்பு. ஆக, ஒரே துக்கத்துக்கு மூன்று முகம்: திகைப்பு, கோபம், கூச்சம். "இன்னுமா?" என்று கேட்கிற அவசரக்காரர்களுக்கு இந்த மூன்றும் பதில்.

அடுத்த தினுசாகிய காவல்காரர்களுக்குப் பதில் ஆல்பத்தின் மற்றப் பாட்டுகளில் இருக்கிறது.

'ஹோல்ட் இட் டுகெதர்' என்று ஒரு பாட்டு. தம்மை ஒரு நிலையில் பிடித்து வைத்துக்கொள்ளப் படுகிற பாடு அதில் வருகிறது. ஒரு குழந்தையின் பிறந்தநாள் விருந்தில் நிற்கிறார். யாரோ வந்து துக்கம் விசாரிக்கிறார்கள். விசாரித்தவர் நல்லவர்தான், விசாரித்த இடம்தான் சரியில்லை. கையில் கேக்கை வைத்துக்கொண்டு மனிதர் என்ன பதில் சொல்வார்? நாமும் எத்தனை சீமந்தத்தில், எத்தனை நவராத்திரிக் கொலுவில், பாவம் என்று ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் மறந்திருந்த அந்த அரை மணி நேரத்தையும் பறித்திருப்போம்!

'அபௌட் யூ' என்று மற்றொன்று. நான் எதைப் பற்றி எழுதினாலும், அது அவரைப் பற்றியதாகவே ஆகிவிடுகிறது என்பது அதன் சாரம். கேட்கிறவர்கள் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். போகப் போக எழுதுகிற மனசும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறது. இதைவிடச் சரியாக அந்த அவஸ்தையை யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. கணவனை இழந்தவள் கொஞ்சம் இளைத்தால் "ஏக்கம்" என்கிறோம். கொஞ்சம் சதை போட்டால் "கவலை மறந்துவிட்டது" என்கிறோம். அவளுக்கு வெறும் தலைவலி வர நாம் அனுமதிப்பதில்லை.

'கிராஸிங் எ லைன்' என்ற பாட்டு வேறொரு சங்கடத்தைச் சொல்கிறது. கோட்டைத் தாண்டுவது என்று அர்த்தம். தனியாக ஓர் ஆல்பம் போடப் போகிறேன் என்று பழைய கோஷ்டிச் சகாக்களிடம் எப்படிச் சொல்வது என்ற தயக்கம் அதற்குப் பின்னால் இருந்தது. துரோகம் ஒன்றும் இல்லை. ஆனால் துரோகம் மாதிரி உறுத்துகிறது. அகத்துக்காரர் போன பிறகு தையல் வகுப்பிலோ டிரைவிங் வகுப்பிலோ சேர்ந்த பெண்களைக் கேளுங்கள். முதல் நாள் வீட்டு வாசலைத் தாண்டும்போது கால் எப்படிக் கனத்தது என்று சொல்வார்கள்.

இவ்வளவு சொன்ன மனிதர் திடீரென்று 'ஐ. ஓ. யூ.' என்று ஒரு பாட்டில் மார்தட்டிக்கொண்டு சவால் விடுகிறார். பெருமையடிப்பது ராப் சங்கீதத்தில் ஒரு சம்பிரதாயம். முதல் தடவை கேட்டபோது எனக்கு அது பிடிக்கவேயில்லை. இழவு வீட்டில் சீட்டி அடித்தது போல் இருந்தது. 'கோஸ்ட்ஸ்' என்ற பாட்டின் படத்தைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. காலுறையில் செய்த பொம்மைகள் வந்து கூத்தடிக்கின்றன. "இது என்ன, இந்த மனிதருக்கு?" என்று முகம் சுளித்தேன்.

சுளித்த பிறகுதான் உறைத்தது. என் ஆள்காட்டி விரல் என் கன்னத்தில் இருந்தது! அழுகிற பாட்டுக்கு உச்சுக் கொட்டிய நான், அதே மனிதர் பொம்மை விளையாடியதும் காவல்காரி ஆகிவிட்டேன். ஒரு வருஷம் முழுவதும் ஒருவர் அழுதுகொண்டே இருப்பாரா? வீட்டில் மூன்று குழந்தைகள் இருக்கிற தகப்பனார் பொம்மை வைத்து விளையாடாமல் வேறு யார் விளையாடுவார்கள்?

ஆல்பத்தில் குறை இல்லை என்று சொல்ல மாட்டேன். பதினாறு உருப்படி கொஞ்சம் அதிகம். நடுவில் விருந்தாளிப் பாடகர்கள் வந்து போகிற சில பாட்டுகள் வேறு யாருடைய வீட்டுக்கோ தவறி வந்துவிட்ட மாதிரி இருக்கின்றன. செஸ்டரின் குரல் எழும்ப வேண்டிய இடம் என்று காது தானாக எதிர்பார்க்கும் சில திருப்பங்களில், மைக்கின் குரல் அந்த உயரத்துக்குப் போவதில்லை. போக முயலவும் இல்லை. தமக்கு எட்டிய ஸ்தாயியிலேயே பல்லவியையும் பாடி முடிக்கிறார். குறை என்றால் குறைதான். ஆனால் போனவருடைய இடத்தில் பொய்யாக ஒருவரை உட்கார வைக்காமல், அந்த இடம் காலி என்பதைக் கேட்பவர் உணரும்படி விட்டிருக்கிறாரே, அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

கடைசிக்கு முந்தின பாட்டு மனைவிக்காக எழுதியது. உலகமே பற்றி எரிகிறபோது எனக்குத் தேவை உன் முகம் என்கிற பாவனை. ஆல்பம் முழுவதும் ஊர் பார்க்க அழுதவர், இங்கே கதவைச் சாத்திக்கொண்டு நன்றி சொல்கிறார். துக்கப்படுகிறவரைத் தாங்குகிறவரை யாரும் விசாரிப்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா? கடைசிப் பாட்டு வெற்றி முழக்கம் இல்லை. இன்றைக்கு ஒரு நாள் சரியாக இருக்கிறது, இன்றைக்கு எதுவும் என்னை வந்து தொடவில்லை என்பதோடு நின்று விடுகிறது. நாளைக்கு? அதைப் பற்றி அவர் வாக்குறுதி தரவில்லை. ஆல்பத்தின் அட்டைக்கு, அந்த மாதங்களில் தாம் எழுதிய சித்திரங்களையே உபயோகித்தார்.

அப்புறம் அவர் தனியாகவே ஊர் ஊராகப் போய்ப் பாடினார். பழைய கோஷ்டியின் பிரசித்தமான பாட்டு ஒன்றைப் பியானோவில் மெதுவாக வாசிப்பார். தம்முடைய பாதியைத் தாம் சொல்வார். செஸ்டரின் பாதி வந்ததும் நிறுத்திக்கொள்வார். ஜனங்கள் பாடுவார்கள். அடுத்த பாட்டில் எல்லோரும் குதித்து ஆடுவார்கள். அழுகையும் ஆட்டமும் ஒரே மேடையில், ஒரே இரவில் நடந்தன. யாரும் யாருடைய கன்னத்தையும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

கதை அங்கே முடியவில்லை. 2024 செப்டம்பரில் லிங்கின் பார்க் திரும்ப வந்தது. எமிலி ஆம்ஸ்ட்ராங் என்ற பெண்மணி பாட, அவ்வருஷம் நவம்பரில் 'ஃப்ரம் ஸீரோ' என்ற ஆல்பம் வெளிவந்தது. சூன்யத்திலிருந்து என்று பொருள் சொல்லலாம். கோஷ்டிக்கு ஆதியில் இருந்த 'ஸீரோ' என்ற பெயரையும் அது நினைவூட்டுகிறது. ரசிகர்களில் பலர் கொண்டாடினார்கள். சிலர், செஸ்டர் இருந்த இடத்தில் இன்னொருவரா என்று கோபித்துக்கொண்டார்கள். ஏழு வருஷம் ஆகியும் காவல்காரர்கள் ஓய்வு பெறவில்லை, பாருங்கள்!

இதையெல்லாம் உங்களுக்கு ஏன் சொல்கிறேன் என்றால், நம் ஒவ்வொருவருக்கும் தெரிந்த வீடு ஒன்றில் யாரோ ஒருவர் இப்போது பாதிப் பாட்டோடு உட்கார்ந்திருக்கிறார். அந்த வீட்டுக்குப் பதின்மூன்றாம் நாளைக்குப் பிற்பாடு போங்கள். போக முடியாவிட்டால் டெலிபோனில் கூப்பிடுங்கள். எடுக்காவிட்டால், "சும்மாதான் கூப்பிட்டேன், பதில் சொல்ல வேண்டாம்" என்று இரண்டு வார்த்தை பேசிப் பதிந்து விடுங்கள். போனவருடைய பெயரை அவர்களாகச் சொன்னால் நீங்களும் சொல்லுங்கள். சினிமாவைப் பற்றிப் பேசினால் சினிமாவைப் பற்றிப் பேசுங்கள். சிரித்தால் கூடச் சிரியுங்கள்.

அந்தச் சிரிப்பே சந்தேகம் தருவதாகவும் சில சமயம் இருக்கும். செஸ்டரின் வீட்டுப் படத்தை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். வாழ்க்கையே வேண்டாம் என்கிற பேச்சு யார் வாயிலிருந்து வந்தாலும் அதை விளையாட்டாக எண்ணாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, உயிரை விடுகிற எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. தனியே விட வேண்டாம். வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். அரசாங்கத்தின் டெலி மானஸ் என்ற மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்; தமிழிலேயே பேசலாம். காலண்டர் பக்கத்தில் குறித்து வையுங்கள்.

மற்றபடி, அடுத்த முகூர்த்தத்தில் உங்களுக்குத் தெரிந்த அந்தப் பெண் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தால், விரலைக் கன்னத்துக்குக் கொண்டு போகாதீர்கள். பக்கத்து நாற்காலியைக் காட்டி, "வா, உட்கார். இந்தக் கலர் உனக்கு நன்றாக இருக்கிறது" என்று சொல்லுங்கள். அன்றைக்கு அது போதும்.